நரம்புக்குழாய் மூடும் நாள்

திருகோணமலையில் நான் உயிரியல் படிப்பித்த பெண்கள் பாடசாலையில் கோழி முட்டை அடைவைக்க ஒரு பெட்டி இருந்தது. தேயிலை வரும் பலகைப் பெட்டிதான். உள்ளே நாற்பது வாற் மின்குமிழ் ஒன்று, ஈரம் காயாமல் இருக்க ஒரு கோப்பையில் தண்ணீர், மூடியில் போட்ட ஓட்டைக்குள் வெப்பமானி. உயர்தர வகுப்பில், கரு வளரும் விதம் பற்றிய முளையவியல் தொடங்கும் கிழமையில் அந்தப் பெட்டியைத் துடைத்து எடுப்பேன். கடை முட்டை இதற்கு உதவாது. சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் கணவர் சல்லி என்ற கரையோரக் கிராமத்துப் பக்கம் போய், சைக்கிள் கூடைக்குள் வைக்கோல் பரப்பி, இருபது முப்பது முட்டை கொண்டுவந்து தருவார்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உடைப்பதில்லை. இருபத்து நாலு மணித்தியாலம் வைத்தது, முப்பத்து மூன்று, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு என்று பென்சிலால் ஓட்டில் எழுதி வைப்போம். இளஞ்சூட்டு உப்புநீருக்குள் முட்டையை உடைத்து, மஞ்சள் கருவின் மேல் தெரியும் வெள்ளை வட்டத்தைக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்தி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாற்பத்தெட்டு மணித்தியால முட்டைதான் விருப்பம், அதில் இதயம் துடிப்பது தெரியும். எனக்கு முப்பத்து மூன்று. அதில் முதுகின் நடுக்கோட்டில் இரண்டு வரம்புகள் எழும்பி ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். தலைப்பக்கத்தில் சில இடங்களில் தொட்டிருக்கும், சில இடங்களில் இனித்தான் தொடப் போகும். இரண்டும் ஒட்டி மூடினால் ஒரு குழாய். அதன் முன்பக்கம் மூளையாகும், மிச்சம் முதுகெலும்புக்குள்ளே ஓடும் முண்ணாணாகும்.

"மூளையாகப் போற உயிர்க்கலமும் தோலாகப் போற கலமும் ஒரே விரிப்பில பக்கத்துப் பக்கத்திலதான் இருக்குது," என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். "தான் என்னவாக வேணும் எண்டு அதுகளுக்குத் தெரியாது. கீழ இருக்கிற முதுகுநாண் சொல்லுது. அந்தச் சொல் கேட்ட கலங்கள் உயர்ந்து தடிச்சு மூளைப் பக்கம் போகும். கேளாத கலங்கள் தோலாகும்."

தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி ஒன்றின் முளையத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி இன்னொன்றின் வயிற்றில் ஒட்டியபோது அங்கே இரண்டாவது தலை முளைத்த பரிசோதனையைச் சொல்வேன். கண்ணாகப் போகும் கிண்ணம் மேலே வந்து தோலைத் தொட்டால் அந்தத் தோல் வில்லையாகிறது. தொடாவிட்டால் வெறும் தோலாகவே இருந்துவிடுகிறது. கையாகப் போகும் மொட்டின் நுனியில் ஒரு மெல்லிய வரம்பு உண்டு. வளர், இன்னும் வளர் என்று அதுதான் கீழேயுள்ள கலங்களை ஏவிக்கொண்டிருக்கிறது. ஊசியால் அதை வெட்டி எடுத்துவிட்டால் கை முழங்கையோடு நின்றுவிடும். கலங்கள் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதுமில்லை. கேட்பதற்கு ஒரு காலம் இருக்கிறது. அது தவறினால் பிறகு என்ன சொன்னாலும் ஏறாது. ஒரே மாதிரிக் கலங்கள் வெவ்வேறாகும் இந்த மாறுதலுக்கு எங்கள் புத்தகத்தில் வியத்தம் என்று பெயர். என்ன பொருளைக் கொண்டு ஒரு கலம் இன்னொன்றுக்குச் சொல்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும். அது இன்னும் அறியப்படவில்லை என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. நானும் அதையே சொல்வேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில், பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கலியாணமாகி ஆறாவது வருடம் நான் கர்ப்பமானேன். அதற்குள் மாமி, என் கணவரின் தாயார், எத்தனையோ கோயிலுக்கு நேர்ந்துவிட்டார். எங்களோடுதான் இருந்தார். அந்த நாளில் அரிசி கிடைப்பது அரிது. மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு தின்போம். மாமி தன் பங்குச் சோற்றை என் கோப்பைக்குள் போட்டுவிட்டுத் தான் கிழங்கு சாப்பிட்டார். இதைச் சொல்லாமல் பின்னால் வருவதை மட்டும் சொன்னால் அது அநியாயம்.

ஏழு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளை நன்றாக உதைத்தது. எட்டாம் மாதம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது, டொக்டர் என் வயிற்றில் கைவைத்து நெடுநேரம் தடவினார். மேலே தடவினார், கீழே அழுத்தினார், மறுபடி மேலே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் கதைக்காதவர்.

"தலை எங்க எண்டு பிடிபடேல்லை. ஒரு எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பம்," என்றார்.

பிள்ளை தலையைக் கீழே ஆழமாக வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எக்ஸ்றேயை அவர் வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது நான் கதிரையிலிருந்து எழும்பிப் பக்கத்தில் போய் நின்றேன். முள்ளந்தண்டு மணி கோத்த மாதிரி ஒழுங்காக இருந்தது. விலா எலும்புகள், தொடை எலும்புகள், மடக்கிய முழங்கால். முள்ளந்தண்டின் நுனியில் தாடையும் முகத்தின் அடிப்பாகமும். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. வட்டமாக ஒரு கோடு வந்திருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பாக இருந்தது.

"நீங்கள் சயன்ஸ் ரீச்சர் எல்லோ," என்றார் டொக்டர். "உங்களுக்கு நான் சுத்தி வளைச்சுச் சொல்லத் தேவையில்லை. மூளையும் மண்டையோடும் வளரேல்லை. பிறந்தாலும் தங்காது."

"குழாய் மூடேல்லை," என்றேன் நான்.

"ஓம்," என்றார்.

வெளியே மர வாங்கில் இருந்த என் கணவரிடம் நான்தான் சொன்னேன். எக்ஸ்றே எடுத்தவர் பிழையாக எடுத்திருப்பார் என்றார் அவர். கண்டிக்குப் போவோம், கொழும்புக்குப் போவோம் என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வீடுவரை நடந்து வந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தெரிந்த மனுசி ஒருத்தி எங்களை மறித்து, வயிற்றைப் பார்த்து, "ஆம்பிளைப் பிள்ளைதான்," என்றாள். இருவரும் சிரித்துவிட்டு நடந்தோம்.

மனிதப் பிள்ளையில் அந்தக் குழாய் கருத்தரித்து நாலாம் கிழமையில் மூடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். பாதிப் பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திராது. நான் கலண்டரை எடுத்து வைத்துப் பின்னோக்கி எண்ணி அந்தக் கிழமையைக் கண்டுபிடித்தேன். பிறகு என் பாடக்குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்த ஐந்து நாளும் என்ன செய்தேன் என்று பார்த்தேன். திங்கள், செவ்வாய் காய்ச்சல் என்று லீவு. புதன்கிழமை ஆய்வுகூடத்து அலுமாரியில் போமலின் போத்தல்களைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முளையவியல், முதலாம் பாடம். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் கிழங்கும் பாணும்தான் என்பது ஞாபகம் இருந்தது. காய்ச்சலா, போமலினா, சாப்பாடா? இதில் எது என் பிள்ளைக்குள் போய் அந்தச் சொல்லை மறித்தது? ஒவ்வொரு நாளும் ஒன்றைக் குற்றவாளியாக்கினேன்.

பல வருடங்கள் கழித்து, கீரையிலும் பயறிலும் இருக்கிற ஒரு விற்றமின் போதாவிட்டால் இப்படிப் பிள்ளைகள் அதிகம் பிறக்கின்றன என்று தெரியவந்தது. இப்போது கலியாணம் செய்கிற பெண்களுக்கே அந்தக் குளிசையைக் கொடுக்கிறார்கள். என் பிள்ளைக்கு அதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல ஏலாது. காரணமே தெரியாமல் நடப்பதும் உண்டு.

மாமியிடம் நாங்கள் சொல்லவில்லை. நாள் தள்ளிப் போனது. சொன்ன திகதி வந்தது, போனது. இன்னும் ஒரு கிழமை போனது. பிள்ளை வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. உதைப்பதற்கு மூளை தேவையில்லை, முண்ணாண் போதும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அதைச் சொல்லியுமிருக்கிறேன். ஆனாலும் உதைக்கும்போது என் கை தானாக வயிற்றுக்குப் போகும். அயலார் வேலிக்கு அங்கால் நின்று, "இன்னும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்பேன்.

திகதி கடந்து பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏன் வலி வரவில்லை என்று டொக்டரிடம் கேட்டேன்.

"அதுக்கும் பிள்ளையின்ர தலையிலயிருந்துதான் சொல்லு வர வேணும்," என்றார் அவர். "மூளையின்ர அடியில இருக்கிற சுரப்பி, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பிக்குச் சொல்லும். அது தாயின்ர உடம்புக்குச் சொல்லும். இந்தப் பிள்ளையில முதல் ஆளே இல்லை. அதால இது தானாப் பிறவாது. நாங்கள்தான் சேலைனோட மருந்து ஏத்தி வலி வரப்பண்ண வேணும்."

அதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். பாடம் ஒன்றைக் கேட்பதைப் போல நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாளும் அடுத்த நாள் காலையும் வலி எடுத்தது. பதினொரு மணியளவில் பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. மருத்துவிச்சி உடனே ஒரு துணியைத் தலையைச் சுற்றித் தொப்பி போலக் கட்டி, குழந்தையை அப்பால் கொண்டுபோகப் பார்த்தாள்.

"எனக்குக் காட்டுங்கோ."

"வேண்டாம் அக்கா. பார்த்தால் பிறகு மனசில நிக்கும்."

"காட்டுங்கோ. துணியையும் எடுங்கோ."

அவள் தயங்கித்தான் கொண்டுவந்தாள். நான் பார்த்தேன். புருவத்துக்கு மேலே நெற்றி இல்லை. சிவப்பாக, ஈரமாக, மூடாமல் விட்ட ஒரு இடம். வகுப்பில் கரும்பலகையில் நான் கீறிய படத்தில், தலைப்பக்கத்து வரம்புகள் இரண்டும் விலகி நிற்குமே, அந்த இடம். அங்கே மூளை வளர்ந்திருந்தால் அதன் மேல் எலும்பு வந்திருக்கும், எலும்பின் மேல் தோல் வந்திருக்கும். ஒன்று வராததால் அதை நம்பியிருந்த எதுவும் வரவில்லை. கீழே எல்லாம் சரி. காதுகள் சரி. கால்விரல் பத்திலும் நகம். தாடையில் என் கணவரின் குழி. என் வாய்.

துணியைத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டுக் குழந்தையை என் கைக்குள் வாங்கிக்கொண்டேன். கணவரை உள்ளே விட்டார்கள். அவர் கட்டிலோரம் நின்று, அதன் உள்ளங்கையில் தன் சுட்டுவிரலை வைத்தார். குழந்தை விரலைப் பொத்திப் பிடித்தது.

"இஞ்ச பாரும், பிடிக்கிறாள்," என்றார்.

அது உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தாமாக மடங்குகிற தெறிவினை. நான் அதைச் சொல்லவில்லை. "ஓம், பிடிக்கிறாள்," என்றேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மூச்சு நின்றது. அதுவரை அவர் விரலை எடுக்கவில்லை. கந்தோரில் கூட வேலை செய்த ஒருவரோடு போய், கடலோரத்து மயானத்தில் தாட்டுவிட்டு வந்தார். வந்து கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். அதன்பிறகு அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. நெஞ்சு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. பிள்ளை வெளியே வந்துவிட்டது என்ற செய்தி மட்டும் உடம்புக்குப் போயிருக்கிறது, மிச்சம் போகவில்லை. மாமி அயல்வீட்டுக்குப் போய் ஒரு பெட்டி நிறைய மல்லிகைப்பூ ஆய்ந்து வந்தார். பூவை நெஞ்சில் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். குழந்தையைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆனால் எக்ஸ்றே எடுத்ததும், நாங்கள் மறைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வருசா வருசம் முட்டைக்குள்ள இருந்ததுகளை எல்லாம் அரைகுறையில உடைச்சு உடைச்சுப் பார்த்தனீ. தாய்க்கோழியள் சும்மா விடுங்களோ?"

அவர் முடிச்சைப் போட்டு, நோகிறதா என்று கேட்டு, கொஞ்சம் தளர்த்திவிட்டார். பிறகு ஒருநாளும் அதை அவர் திருப்பிச் சொன்னதில்லை. ஒரு தரம் சொன்னது போதும். முட்டைக்கும் என் பிள்ளைக்கும் தொடர்பில்லை என்பதை விளக்க என்னிடம் ஒரு வகுப்புக்குப் போதுமான அறிவு இருந்தது. ஆனால் முகம் கழுவும்போதும், சேலை உடுக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். அறிவு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

லீவு முடிந்து பாடசாலைக்குப் போனேன். எல்லாம் படிப்பித்தேன். அடுத்த வருடம் முளையவியல் கிழமை வந்தது. ஆய்வுகூடத்துக்குள் போய் அலுமாரியைத் திறந்து, பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினேன். வகுப்பில், "இந்த அலகு இந்தமுறை பரீட்சைக்கு வராது. நேரம் காணாது, விட்டிட்டு அடுத்ததுக்குப் போவம்," என்றேன். பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டினார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். எது வரும், எது வராது என்று எந்த ரீச்சருக்கும் தெரியாது.

பரீட்சையில் அது வந்தது. விருப்பத்துக்கு விடுகிற கேள்வியாக அல்லாமல், எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டிய கேள்வியாக வந்தது. கோழி முளையத்தில் நரம்புக்குழாய் உருவாகும் விதத்தையும், அயல் இழையங்கள் வியத்தத்தைத் தூண்டுவதையும் படத்துடன் விளக்குக. மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற இன்னொரு ரீச்சர் வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டியபோது அந்தக் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன்.

அந்த வகுப்பில் கிண்ணியா ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். டவுனில் தாயின் தங்கை, சாச்சி வீட்டில் நின்று படித்தவள். அவர்களின் தெருவிலிருந்து உயிரியல் படிக்க வந்த முதல் பெண் பிள்ளை. வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரி இல்லை. பரீட்சை மறுமொழி வந்தபோது மருத்துவத்துக்குச் சில புள்ளிகள் குறைந்திருந்தன. ஒரு முழுக் கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறாள். அந்தக் கேள்விதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல ஏலாது.

மறுமொழித் தாளோடு என்னைப் பார்க்க வந்தாள். ஆய்வுகூடத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"ரீச்சர், அந்தப் பாடத்த ஏன் எங்களுக்குப் படிப்பிக்கல்ல?"

நேரம் காணவில்லை என்று தொடங்கினேன். அதை முடிக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லாததை, பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் முழுவதும் சொன்னேன். எக்ஸ்றே, சேலைன், துணித்தொப்பி எல்லாம். அவள் நின்றபடியே கேட்டாள். அவளுடைய கண் கலங்கியது. என்னைத் தேற்றுவாள் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும்.

"அல்லாவே, ரீச்சர்," என்றாள். மறுமொழித் தாளை மடித்துப் பிடித்தாள். பிறகு, "நீங்க படிப்பிக்க ஏலாண்டு சொல்லியிருந்தா நாங்க புத்தகத்துல பார்த்துப் படிச்சிருப்பம். வராதுண்டு சொன்னதாலதான் விட்டம்," என்றாள்.

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் வாழ்க்கையில் கேட்ட சொற்களில் இன்றுவரை கூசுவது அதற்குத்தான். மாமி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது. இதற்கு இருக்கவில்லை.

இரண்டாந்தரம் எழுதினால் கட்டாயம் கிடைக்கும், வீட்டுக்கு வா, தனியாகப் படிப்பிக்கிறேன் என்றேன். பார்ப்போம் என்று போனாள். ஒரு மாதமாகியும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் கிண்ணியாவுக்குப் போனேன். அந்த நாளில் பாலம் இல்லை. துறையடியில் நின்று பாதையில் கடக்க வேண்டும். பாதை என்பது பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் மிதவை. வெயிலுக்குள் ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஏறினேன்.

அவளுடைய வாப்பா நெல்லு வியாபாரி. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டு, தன் மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பிழை என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்றும் சொன்னேன்.

"ரீச்சர், நீங்க ஊடு தேடி வந்தது எங்களுக்குப் பெரிய மரியாத," என்றார் அவர். "புள்ள ஒருதரம் எழுதியாச்சு. கிடைச்சிருந்தா நான் அனுப்பித்தான் இருப்பன். அவக்கு வாக்குக் குடுத்திருந்த நான். இப்ப கலியாணம் பேசி முடிஞ்சிது. அவங்களுக்கு என்ன சொல்ற?"

அவள் உள்வாசலில், சீலைக்குப் பின்னால் நின்றாள். பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் எழும்பியபோது வெளியே வந்து சலாம் சொன்னாள். "போயிற்று வாங்க ரீச்சர்," என்றாள். பாதையில் திரும்பி வரும்போது வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் இருந்தது.

அந்த வருடம் முளையவியல் கிழமைக்கு நானே பஸ்ஸில் சல்லிக்குப் போய் முட்டை கேட்டு வாங்கினேன். கணவரிடம் சொல்லவில்லை. கருவாடு காயப்போட்டிருந்த முற்றத்தில் ஒரு மனுசி, ஐயா ஏன் இப்ப வாறேல்லை என்று விசாரித்தாள். வேலை கூட என்றேன்.

முப்பத்து மூன்றாம் மணி முட்டையை உடைத்து, வெள்ளை வட்டத்தை வெட்டி ஏந்தினேன். நுணுக்குக்காட்டியில் வரம்புகள் தெரிந்தன. ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் குழாய் மூடுவதோடு பாடத்தை முடித்துவிடுவேன். இந்தமுறை மூடாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். நடுமுதுகில் மூடாவிட்டால் பிள்ளை காலில் வலுவில்லாமல் பிறக்கும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை இராது, மண்டையோடு இராது, தங்காது. தாய் செய்த பாவம் இல்லை. கலங்கள் ஒன்றுக்கொன்று சொல்ல வேண்டிய நேரத்தில் ஏதோ ஒன்று தவறிப்போகிறது, அவ்வளவுதான் தெரியும். ஒருத்தியும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. திருகோணமலை சின்ன ஊர். எல்லாப் பிள்ளைக்கும் என் கதை தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. குறிப்பு எழுதச் சொல்லிவிட்டு யன்னலடியில் போய் நின்றேன்.

அதற்கு அடுத்த வருடம் திரும்பக் கர்ப்பமானேன். ஒரு தரம் வந்தால் மறுதரமும் வர வாய்ப்புக் கொஞ்சம் கூட என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாலாம் கிழமையை இந்தமுறை முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தேன். அந்த ஐந்து நாளும் ஒன்றும் செய்ய இருக்கவில்லை. மாமி பேசாமல் ஒவ்வொரு நாளும் முருங்கைக் கீரை வறுத்து வைத்தார். ஏழாம் மாதம் எக்ஸ்றேக்குப் போனபோது, வெளிச்சப் பெட்டியைப் பார்க்க ஏலாமல் நான் கதிரையில் இருந்துவிட்டேன். "எழும்பி வந்து பாருங்கோ," என்றார் டொக்டர். முட்டை மாதிரி ஒரு முழு வட்டம் அங்கே இருந்தது. பார்த்தும் நம்பவில்லை. பிறக்கும்வரை நம்பவில்லை. சொன்ன திகதிக்கு மூன்று நாள் முன்னதாக வலி தானாக வந்தது. ஆண் குழந்தை. மருத்துவிச்சி கையில் தந்தபோது முகத்தைப் பார்க்க முதல் தலையைத்தான் தடவினேன். உச்சிக்குழி என் விரலின் கீழே துடித்தது.

பதிவு செய்ய நானும் கணவரோடு போனேன். பதிவாளர் வயதானவர், தடித்த கண்ணாடி. விவரங்களை எழுதிக்கொண்டே, "தலைப்பிள்ளையோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் என் கணவர், "இல்லை ஐயா, இரண்டாவது," என்றார். "மூத்தவள் பொம்பிளைப் பிள்ளை. அவளின்ர பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில நீங்கள்தான் பதிஞ்சு தந்தனீங்கள்."

பதிவாளர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். ஞாபகம் வந்ததோ தெரியாது. "ஓம், ஓம்," என்றுவிட்டு எழுதினார்.

வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்றபோது, அந்தப் பதிவைப் பற்றி எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குழந்தையை என் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"சட்டப்படி பதிய வேணும் எண்டவை. பேர் என்ன எண்டு கேட்டவர். பேர் இல்லாமலும் பதியலாம் எண்டவர்," என்றார். "எனக்கு மனம் வரேல்லை. நான் ஒரு பேரைச் சொன்னனான்."

"என்ன பேர்?"

சொன்னார். அதை இங்கே எழுத விருப்பமில்லை. மூன்று வருடமாக அவர் மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு பஸ் வந்தது, ஏறி வீட்டுக்குப் போனோம்.